கர்னலைக் கட்டிய கம்பைலர் எது?

அன்புள்ள தம்பி,

லினக்ஸ் கர்னலைச் சொந்தமாகக் கம்பைல் செய்யத் தொடங்குபவர்கள் அதன் பதிப்பு எண்ணைக் கவனமாகப் பார்ப்பார்கள். அதைக் கட்டிய கம்பைலரின் எண்ணை மட்டும் கோட்டைவிட்டுவிடுவார்கள்.

2.4 வரிசைக் கர்னலில் இருந்த ஒரு சிக்கலைக் கேள். ஒரே ஒரு செயலி உள்ள கணினிக்கு ஸ்பின்லாக் எனும் பூட்டு தேவையில்லை. அதனால் அதன் ஸ்ட்ரக்டை வெறுமையாக விட்டார்கள். ஆனால் வெற்று ஸ்ட்ரக்டைக் கையாள்வதில் ஜிசிசி கம்பைலரின் 2 வரிசைக்குக் கோளாறு இருந்தது. ஆகவே பழைய கம்பைலருக்கு மட்டும் உள்ளே ஒரு முழு எண்ணை வைத்தார்கள். 'ஜிசிசி பழுதானது' என்று பொருள்படும் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தார்கள்! பூட்டின் அளவு ஜிசிசி 3இல் 0 பைட், ஜிசிசி 2இல் 4 பைட். ஒரு ஸ்ட்ரக்டுக்குள் பூட்டுக்குப் பின்னால் வரும் உறுப்புகளெல்லாம் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். ஜிசிசி 2 கட்டிய கர்னல் 24ஆம் பைட்டில் எழுதிய முகவரியை, கர்னலில் தனியாக ஏற்றப்படும் துணை நிரலான மாட்யூல், ஜிசிசி 3இல் கட்டப்பட்டிருந்தால், 20ஆம் பைட்டில் தேடும். கிடைத்ததை முகவரி என்று நம்பி எழுதினால் கணினி நின்றுவிடலாம். நிற்காமல் ஓடினால் இன்னும் ஆபத்து: நினைவகம் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும்.

2.6 கர்னலில் ஒவ்வொரு மாட்யூலிலும் 'வெர்மேஜிக்' என்ற அடையாளம் பொறிக்கப்பட்டது. தொடக்கத்தில் அதில் ஜிசிசி எண்ணும் இருந்தது. பொருந்தாத மாட்யூலைக் கர்னல் ஏற்காது. பின்னாளில் அந்த எண்ணை நீக்கிவிட்டார்கள்.

பிரச்சினை அதோடு தீரவில்லை. உபுண்டு 22.04இன் இயல்பான கம்பைலர் ஜிசிசி 11. அந்த உபுண்டுவுக்குப் பின்னர் வந்த 6.5 கர்னலோ ஜிசிசி 12இல் கட்டப்பட்டது. கர்னலுக்குக் கொடுத்த அதே கம்பைலர் ஆப்ஷன்கள்தான் மாட்யூலுக்கும் போகும். அவற்றில் ஒன்று, உள்மாறிகளைப் பூச்சியத்தால் நிரப்பச் சொல்வது. அது ஜிசிசி 12இல்தான் அறிமுகமானது. கிராபிக்ஸ் கார்டு டிரைவர் மாட்யூலை ஜிசிசி 11 கொண்டு கட்டப் பார்த்தவர்களுக்கு, அந்த ஆப்ஷன் தெரியாது என்ற பிழைதான் கிடைத்தது. முகத்துக்கு நேரே வரும் பிழை என்பதால் இது நல்ல பிழை.

2018இல் செயலிகளில் ஸ்பெக்டர் எனும் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது நிலைமை வேறு. அதற்கெதிரான ரெட்போலின் எனும் பாதுகாப்பு இல்லாத கம்பைலரில் கட்டிய மாட்யூலையும் கர்னல் ஏற்றிக்கொண்டது; பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை வரி மட்டும் எழுதியது. அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

'ப்ராக்' அடைவில் 'வெர்ஷன்' என்றொரு கோப்பு இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கர்னலைக் கட்டிய கம்பைலர் எது என்று அதிலேயே எழுதியிருக்கும். மாட்யூலில் கைவைக்கும் முன் அதைத் திறந்து பார். ஜிசிசி 12 என்றிருந்தால் அதையே நிறுவி, மேக் கட்டளையில் 'சிசி' மாறிக்கு அதன் பெயரைக் கொடு. பொருந்தாத மாட்யூலை வலுக்கட்டாயமாக ஏற்றவும் வழியுண்டு. அந்தப் பக்கமே போகாதே, அது சோதனையைத் தாண்டுமே தவிர ஸ்ட்ரக்டின் அமைப்பை மாற்றாது. கர்னலையும் நீயே கட்டுவதாக இருந்தால், நடுவில் கம்பைலரை மேம்படுத்தாதே. மேம்படுத்திவிட்டால் 'மேக் கிளீன்' கொடுத்து, கர்னல், மாட்யூல் இரண்டையும் முதலிலிருந்து கட்டு.

அன்புடன்,
அண்ணன்