கரண்ட்: ஒரே சொல், பல பொருள்

கரண்ட்.

இந்தச் சொல்லைப் பேசாத வீடு இல்லை. "கரண்ட் போச்சு." "கரண்ட் வந்துடுச்சு." "கரண்ட் பில் கட்டியாச்சா?" இப்படித் தினமும் பேசுகிறோம். கரண்ட் என்றால் மின்சாரம். இது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் இந்த ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் மின்சாரம் அல்ல. ஓட்டம் என்பதுதான் அதன் பழைய பொருள். லத்தீன் என்ற பழைய மொழியில் 'ஓடு' என்று பொருள் தரும் ஒரு சொல் உண்டு. அதிலிருந்து வந்ததுதான் கரண்ட். ஆற்றிலும் கடலிலும் தண்ணீர் ஓடுவதை ஆங்கிலத்தில் கரண்ட் என்பார்கள். மின்சாரம் பிறகுதான் வந்தது. அதுவும் தண்ணீர் போலக் கம்பியில் ஓடுகிறது என்று எண்ணினார்கள். தண்ணீரின் பெயரையே அதற்கும் வைத்தார்கள்.

ஒரே சொல் பல இடங்களில் வருகிறது. இடம் மாறினால் பொருளும் மாறும். அதைத் தெரிந்துகொண்டால் உயிருக்கும் பணத்துக்கும் நல்லது.

1. தண்ணீரில் கரண்ட்

தமிழில் இதற்கு ஓட்டம், நீரோட்டம், இழுப்பு என்று பல சொற்கள் உண்டு. "ஆத்துல இழுப்பு அதிகம், இறங்காதே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கடலில் மீன் பிடிப்பவர்கள் நீவாடு என்பார்கள். எல்லாம் ஒன்றுதான்.

மேலே பார்த்தால் தண்ணீர் அமைதியாக இருக்கும். அடியில் இழுப்பு இருக்கும். வேகமாக ஓடும் தண்ணீர் முழங்கால் அளவே இருந்தாலும் ஆளைச் சாய்த்துவிடும். வெள்ளம் ஓடும் தரைப்பாலத்தைக் கடக்கக் கூடாது.

கடலில் குளிக்கும்போது அலை உள்ளே இழுத்தால் என்ன செய்வது? இழுப்பை எதிர்த்து நேராகக் கரைக்கு நீந்தக் கூடாது. கை சோர்ந்துவிடும். முதலில் கரைக்குப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

2. கம்பியில் கரண்ட்

தண்ணீரின் ஓட்டத்திலிருந்தே மின்சாரம் எடுக்கலாம். கர்நாடகத்தில் காவிரி ஆற்றில் சிவசமுத்திரம் என்ற அருவி இருக்கிறது. அங்கே 1902ஆம் ஆண்டு மின் நிலையம் தொடங்கினார்கள். உயரத்திலிருந்து தண்ணீரைக் குழாயில் இறக்கினார்கள். அது வேகமாக வந்து சக்கரத்தைச் சுற்றியது. சக்கரம் சுற்ற மின்சாரம் பிறந்தது.

அந்த மின்சாரம் சுமார் 150 கிலோமீட்டர் தூரம் கம்பியில் போனது. எங்கே போனது? கோலார் தங்கச் சுரங்கத்துக்கு. அங்கே ஏராளமான தமிழ்த் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். 1905ஆம் ஆண்டு பெங்களூர்த் தெருக்களிலும் மின் விளக்கு எரிந்தது. கோலார் சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. கம்பியில் கரண்ட் மட்டும் இன்றும் ஓடுகிறது.

தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடும். மின்சாரம் தரைக்குப் போக வழி தேடும். ஈரக் கையால் ஸ்விட்சைத் தொட்டால் நம் உடம்பே அதற்கு வழியாகிவிடும். யாரையாவது கரண்ட் பிடித்தால் அவரைக் கையால் தொடக் கூடாது. உடனே மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். முடியாவிட்டால், காய்ந்த மரக்கட்டையால் அவரை விலக்க வேண்டும். தெருவில் அறுந்து கிடக்கும் கம்பிக்குப் பக்கத்தில் போகக் கூடாது.

3. பேங்கில் கரண்ட்

பெங்களூரில் கட்டட வேலை செய்யும் ஓர் அம்மா பேங்குக்குப் போனார். கணக்குத் தொடங்கப் படிவம் கொடுத்தார்கள். அதில் 'கரண்ட் அட்ரஸ்' என்று ஓர் இடம் இருந்தது. பக்கத்தில் இருந்த இளைஞரிடம் கேட்டார்.

"கரண்ட் பில்லுல இருக்குற விலாசமா தம்பி? பில்லு வீட்டுக்காரர் பேருல வருது. அவரு வேற இடத்துல இருக்காரு."

"இல்லம்மா. இப்போ நீங்க குடியிருக்கிற விலாசம்."

"அப்போ பர்மனென்ட் அட்ரஸ்?"

"அது சொந்த ஊர் விலாசம்மா."

அம்மா கேட்டது நல்லது. இடம் மாற்றி எழுதியிருந்தால் ஏ.டி.எம். கார்டு தபாலில் வேறு எங்கோ போயிருக்கும்.

மின்சாரத்துக்கும் விலாசத்துக்கும் என்ன தொடர்பு? ஓட்டம்தான். இப்போது ஓடிக்கொண்டிருப்பது எதுவோ அதுவும் கரண்ட்தான். தமிழில் நடப்பு என்கிறோம். ஓடுகிற மாதம் நடப்பு மாதம். ஓடுகிற ஆண்டு நடப்பு ஆண்டு. "தியேட்டர்ல என்ன படம் ஓடுது?" என்று கேட்கிறோம் அல்லவா? அதுபோலத்தான்.

பேங்கில் 'கரண்ட் அக்கவுண்ட்' என்றும் இருக்கும். தமிழில் அது நடப்புக் கணக்கு. கடை, கம்பெனி நடத்துகிறவர்கள் நாள்தோறும் பணம் போட்டு எடுப்பதற்கான கணக்கு அது. அதற்கு வட்டி கிடைக்காது. கூலி, சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சேமிப்புக் கணக்கே ஏற்றது. அதற்கு வட்டி உண்டு. அதை 'சேவிங்ஸ்' என்பார்கள். ஏ.டி.எம். இயந்திரத்தில் 'சேவிங்ஸ்', 'கரண்ட்' என்று இரண்டும் வரும். சேமிப்புக் கணக்கு உள்ளவர் 'சேவிங்ஸ்' என்பதைத்தான் அழுத்த வேண்டும்.

4. ரயில் நிலையத்தில் கரண்ட்

சில ரயில் நிலையங்களில் 'கரண்ட் புக்கிங்' என்று பலகை இருக்கும். மின்சார ரயிலுக்கு மட்டும் டிக்கெட் தரும் இடம் என்று நினைக்க வேண்டாம். முன்பதிவுப் பட்டியல் போட்ட பிறகும் மீதி இடம் இருந்தால், புறப்படப் போகும் ரயிலுக்கு இங்கே டிக்கெட் கேட்கலாம்.

நினைவில் வையுங்கள்

தண்ணீரில்: நீரோட்டம், இழுப்பு
கம்பியில்: மின்சாரம்
விலாசத்தில்: இப்போது குடியிருக்கும் இடம்
பேங்கில்: நடப்புக் கணக்கு

பயிற்சி

கீழே உள்ள வரிகளைப் படியுங்கள். கரண்ட் என்பதற்குப் பதில் பொருத்தமான தமிழ்ச் சொல்லைப் போட்டு எழுதுங்கள்.

1. மழையில் கரண்ட் நின்றுவிட்டது.
2. ஆற்றில் கரண்ட் வேகமாக இருக்கிறது.
3. மளிகைக் கடைக்காரர் கரண்ட் அக்கவுண்ட் வைத்திருக்கிறார்.
4. என் கரண்ட் அட்ரஸ் மாறிவிட்டது.

பேசுங்கள்

உங்கள் ஊர் ஆற்றில், ஏரியில், கடலில் இழுப்பு உள்ள இடம் எது? அதற்கு உங்கள் ஊரில் என்ன சொல் சொல்வார்கள்? அந்தச் சொல்லை எழுதுங்கள். அந்த இடத்தை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லுங்கள்.