விற்றது போக மிச்சமா, உண்டது போக மிச்சமா?

தோட்டத்துல கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் இருக்கும். விடியற்காலையில பறிச்சு, கட்டுக் கட்டி, சந்தைக்கு அனுப்பிடுவோம். முத்தலும் சொத்தையும்தான் வீட்டு அடுப்புக்கு வரும். மத்தியானம் தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். நஞ்சில்லாமல் விளைவிக்கக் கற்றுக்கொண்ட நம்மில் பலர் வீட்டிலும் இதுதான் நடப்பு. நம் உடம்புக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு காய், கனி வேண்டும், அதை விளைவிக்க எவ்வளவு நிலம் வேண்டும் என்று இந்தப் பாடத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எவ்வளவு வேண்டும்?

ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளை, மரவள்ளி போன்ற மாவுக் கிழங்குகள் இந்தக் கணக்கில் வராது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம். அந்த 400-இல் 100 கிராம் கீரையாக இருக்க வேண்டும். இவை எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை.

குறைந்தால் என்ன ஆகும்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 விழுக்காடு. இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. ஆனாலும் சோறு மிகுந்து, கீரையும் பழமும் குறைந்த தட்டு அதில் ஒரு முக்கியக் காரணம். நாள் முழுக்கக் களை எடுக்கிற, நாற்று நடுகிற பெண்கள் நம் வீட்டுப் பெண்கள்தான்.

பிள்ளைச்சாவடியை எடுத்துக்கொள்வோம்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிறது பிள்ளைச்சாவடி. கடலை நம்பிய ஊர். கடல் அரிப்பால் கரையை இழந்துவரும் ஊரும்கூட. தட்டில் மீனுக்குக் குறைவில்லை; காய்க்குத்தான் கடையை நம்ப வேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நமக்கு நினைவிருக்கும். விலை ஏறும்போது முதலில் குறைவது காய்தான். அரிசி குறையாது.

இந்த ஊரில் கடலோரம் மணல், உப்புக்காற்று. மேற்கே ஏறினால் ஆரோவில் பக்கம் சரளை கலந்த செம்மண். இரண்டுமே வளம் குறைந்த மண். முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஆரோவிலில் உள்ள ‘பெப்பிள் கார்டன்’ ஒரு பதில். தீபிகா குந்தாஜியும் பெர்னார்டும் 1994-இல், அரித்துப்போன சரளை நிலத்தில் தொடங்கிய தோட்டம் அது. வெளியிலிருந்து உரம் வாங்கிக் கொட்டாமல், அங்கேயே வளர்ந்த தழையையும் இலையையும் கொண்டு மண்ணை உருவாக்கினார்கள். இன்று மரபுக் காய்கறி விதைகளைக் காக்கும் இடமாக அது அறியப்படுகிறது.

நாலு பேருக்குக் கணக்கு

நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு நாளைக்குக் கீரை 400 கிராம், மற்ற காய் 1,200 கிராம், பழம் 400 கிராம். மொத்தம் இரண்டு கிலோ. மாதம் 60 கிலோ. வாங்கிச் சாப்பிட்டால் மலைப்பாக இருக்கும். நிலத்தில் போட்டுப் பாருங்கள், சின்னக் கணக்குதான்.

கீரை: சிறுகீரை, முளைக்கீரை சதுர மீட்டருக்கு ஒரு கிலோ தரும். வாரத் தேவை ஏறத்தாழ மூன்று கிலோ. அதாவது மூன்று சதுர மீட்டரில் ஒரு பாத்தி. 25 முதல் 30 நாளில் அறுவடை. வாரம் ஒரு பாத்தி வீதம் ஐந்து பாத்தி விதைத்தால் சுழற்சி அறாது. மொத்தம் 15 சதுர மீட்டர், அரை சென்ட்கூட வராது. வேலியோரம் இரண்டு முருங்கை, இரண்டு அகத்தி நட்டுவிட்டால் பாத்திக் கீரை தவறும் வாரத்தையும் சமாளிக்கலாம்.

காய்: கத்தரி, வெண்டை, தக்காளி, கொத்தவரை, அவரை, பீர்க்கன், புடலை என்று கலந்து வைத்தால் மூன்று சென்ட் போதும். ஒரே காயை மூன்று சென்ட்டிலும் வைத்தால் ஒரு மாதம் குவியும், அடுத்த மாதம் காலி. ஆடிப்பட்டம், தைப்பட்டம் இரண்டுக்கும் பிரித்து நடுங்கள்.

பழம்: ஆண்டுக்கு ஏறத்தாழ 146 கிலோ. மூன்று பப்பாளி, ஒரு கொய்யா, நாலைந்து வாழை, ஒரு எலுமிச்சை. கடலோர உப்பைத் தாங்குவதில் சப்போட்டா கெட்டி. கொய்யாவில் உள்ள வைட்டமின் சி ஆரஞ்சில் உள்ளதைப் போல மூன்று நான்கு மடங்கு. ஆப்பிள் வாங்கித்தான் தீரணும் என்று இல்லை.

ஆக, ஐந்து சென்ட்டுக்குள் வேலை முடிகிறது. ஒரு ஏக்கரில் அது இருபதில் ஒரு பங்கு.

மணலில் செய்ய வேண்டியவை

மணலில் தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. பாத்தியை ஒன்றரை அடி தோண்டி, அடியில் தேங்காய் மட்டையையும் நறுக்கிய வாழைத்தண்டையும் போட்டு, மேலே மக்கிய எருவோடு கலந்த மண்ணை நிரப்புங்கள். மட்டை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளப் பாத்தி. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மேட்டுப்பாத்தி. இதை மாற்றிச் செய்தால் கோடையில் காயும், மழையில் அழுகும். கடல் பக்கம் பனை ஓலைத் தட்டி கட்டினால் உப்புக்காற்று நேரடியாக அடிக்காது. பாத்தி மேல் எப்போதும் மூடாக்கு இருக்கட்டும். குளிக்கிற தண்ணீரை வாழைக்கு விடுங்கள்.

கொட்டும் மழைக்காலத்தில் பாத்திக் கீரை நிற்காது. அப்போது கைகொடுப்பவை வேலியிலுள்ள அகத்தியும் கொடிப்பசலையும்தான். ஆவணியிலேயே பூசணி, சேனையைச் சேமித்து வைத்தால் வெள்ளம் சூழ்ந்த வாரத்திலும் குழம்புக்குக் காய் இருக்கும்.

தட்டில் எப்படி ஏற்றுவது?

500 கிராமை ஒரே வேளையில் தின்ன முடியாது. காலையில் இட்லிக்குச் சாம்பார் வைக்கும்போது காயை இரண்டு மடங்காக்குங்கள். பதினொரு மணிக்குத் தோட்டத்தில் ஒரு கொய்யா. மத்தியானம் கீரை ஒன்று, பொரியல் ஒன்று. சோறு வைக்கும் முன் காயை வையுங்கள். இடம் இருப்பதைப் பொறுத்துச் சோறு.

மீன் உண்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதில் சேராது. அதே வேளையில் மீன் இருந்தால் கூடுதலாகச் சேரும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா சேர்த்தாலும் அப்படியே. மீன் குழம்பில் முருங்கைக்காயும் மாங்காயும் போடுவது நம் பழக்கம்தானே, பக்கத்தில் கீரையும் இருக்கட்டும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் இரும்புச்சத்து சேர்வது குறையும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

காயைக் கழுவிவிட்டு நறுக்குங்கள். நறுக்கிக் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் ரசத்தில் சேருங்கள். கீரைக்கு ஒரு கரண்டி எண்ணெயோ தேங்காயோ சேர்த்தால்தான் அதிலுள்ள வைட்டமின் ஏ உடம்பில் ஒட்டும். பழத்தைச் சாறாக்காமல் கடித்துத் தின்னுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அளவை முடிவு செய்யுங்கள்.

நிலமில்லாத கடலோர வீடுகளுக்கு?

கருவாடும் மீனும் கொடுத்துத் தானியமும் காயும் வாங்கிய வழக்கம் கடலோரத்துக்குப் புதிதல்ல. மேட்டுப் பக்கத்து இயற்கை உழவர்கள் ஐந்து பேர் சேர்ந்தால் பத்துப் பதினைந்து மீனவக் குடும்பங்களுக்கு வாரம் இரண்டு முறை கூடை கொடுக்கலாம். உழவருக்கு நிலையான விலை, அவர்களுக்கு நஞ்சில்லாக் காய். வாசலில் நாலு சாக்கில் மண் நிரப்பிக் கீரை போடவும், ஒரு முருங்கைக் கொம்பு நடவும் எந்த வீட்டுக்கும் இடம் இருக்கும்.

இந்த வாரப் பயிற்சி

ஏழு நாள், வீட்டில் சமைக்கும் முன் காய், கீரை, பழத்தைத் தராசில் நிறுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எட்டாம் நாள் கூட்டி, ஏழால் வகுத்து, வீட்டிலுள்ளவர்கள் எண்ணிக்கையால் வகுங்கள். வருகிற எண் 500-க்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு, சந்தைக்குக் கூடை கட்டுவதற்கு முன், வீட்டுக்கு வேண்டிய இரண்டு கிலோவை முதலில் எடுத்து வையுங்கள். எடுப்பது முதல் தரமாக இருக்கட்டும்.