ஞாயிற்றுக்கிழமைச் சான்றிதழ்

புதுக்கடை,
கொழும்பு 12.

அன்புள்ள பிள்ளைக்கு,

திங்கட்கிழமை காலை நீர் என் மேசையில் வைத்துவிட்டுப் போன சட்டத்தரணிகள் மாநாட்டுச் சான்றிதழைப் பார்த்தேன். மூன்று நாளும் கலந்துகொண்டதாக எழுதி, ஞாயிற்றுக்கிழமைத் திகதியும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு வெள்ளவத்தைச் சந்தையடியில் நீர் மீன் வாங்கிக்கொண்டு நின்றதை நான் கண்டேன். ஏன் முந்தின நாளே வந்துவிட்டீர் என்று கேட்டதற்கு, "எல்லாரும் வெளிக்கிட்டினம் சேர், நானும் வெளிக்கிட்டன்" என்றீர். ஒளிக்காமல் சொன்னீர், அது எனக்குப் பிடித்தது. உம்மில் எனக்குக் கோபமில்லை. ஆனால் திங்கட்கிழமை உமக்கு மாளிகாகந்தையில் வழக்கு இருந்தது, எனக்கு மேல் நீதிமன்றத்தில். பேச நேரம் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எல்லாரும் ஏன் வெளிக்கிடுகிறார்கள்? அக்கறை இல்லாததால் என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். புதுக்கடையில் தனியாகத் தொழில் பார்க்கும் சட்டத்தரணிக்கு மாதச் சம்பளம் கிடையாது. மன்றில் முன்னிலையானால் வருமானம், இல்லாவிட்டால் இல்லை. திங்கள் காலை வழக்குக் கூப்பிடும் நேரத்தில் நாங்கள் நிற்காவிட்டால், கட்சிக்காரர் நடைபாதையில் நிற்கும் இன்னொருவரைப் பிடித்துத் தவணை கேட்க வைப்பார். ஒருமுறை அப்படிப் போனவர் பிறகு எங்களிடம் திரும்புவது அரிது. ஞாயிறு பின்னேரம் கோவையைப் புரட்டாமல் திங்கள் மன்றுக்குப் போகவும் முடியாது. மலைநாட்டில் மாநாடு என்றால் நானுஓயாவிலிருந்து கோட்டைக்கு ரயிலில் வரவே ஆறேழு மணித்தியாலம் போகும். யாழ்ப்பாணத்தில் என்றால் வெள்ளவத்தை பஸ்ஸில் ஓர் இரவு. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்த தாய் இருக்கிறார், படுக்கையில் தகப்பனை வைத்திருப்பவர் இருக்கிறார். இவர்கள் சனிக்கிழமையே புறப்பட்டால் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அப்படிப் போக வேண்டியவர்கள் கொஞ்சப் பேர்தான். மற்றவர்களை அனுப்பி வைப்பது மாநாட்டை நடத்துபவர்களே. இதை நான் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன்.

ஹோட்டல் அறையைப் பாரும். கடைசி நாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும். பத்தரைத் தேநீருக்கு வெளியே வருபவர் அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டிக் கீழே கொண்டுவந்து வைக்கிறார். பெட்டி வாசலுக்கு வந்தபிறகு மனம் மண்டபத்தில் நிற்காது. யாரோ வானில் ஓர் இடம் இருக்கிறது என்பார், அவ்வளவுதான். அறையைப் பின்னேரம் மூன்று மணிவரை வைத்திருக்க முன்கூட்டியே பேசிக்கொண்டால் பாதிப்பேர் இருப்பார்கள் என்று ஓர் ஏற்பாட்டுக் குழுவில் இருந்தபோது சொன்னேன். செலவு கூடும் என்று தள்ளிவிட்டார்கள். முதல்நாள் வாசலில் வைத்த பூ அலங்காரத்துக்கு மட்டும் செலவு தெரியவில்லை.

சான்றிதழையும் சனிக்கிழமை இரவு விருந்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாரும்: முதல்நாள் குத்துவிளக்கு, அமைச்சர், நீதியரசர்கள், பெரிய பேச்சாளர். அவர்கள் தேநீரோடு போய்விடுகிறார்கள். அவர்களைச் சந்திக்கவும் அவர்கள் கண்ணில் படவும் வந்தவர்களுக்கு மாநாடு அத்தோடு முடிந்தது. ஞாயிறு காலைக்கு உம்மைப் போன்ற இளையவர்களின் கட்டுரைகளை ஒதுக்குகிறார்கள். ஆள் இல்லாத நேரம் என்று தெரிந்துதான் ஒதுக்குகிறார்கள். நல்லது எதுவும் அன்றைக்கு இல்லை என்று நினைத்து ஆட்கள் போகிறார்கள். ஆட்கள் போவதைப் பார்த்து அடுத்த வருடமும் அப்படியே ஒதுக்குகிறார்கள். இந்தச் சுற்றை யாராவது ஒருவர் அறுக்க வேண்டும்.

மணிக்கணக்குப் போட்டால் இது தீரும் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள், ஐந்து வருடத்துக்கு 30 மணித்தியாலமாவது தொடர்கல்வியில் இருக்கும்படி மருத்துவர்களுக்குச் சொல்கின்றன. கணக்குத் தேவைதான். ஆனால் கணக்கு ஆளைக் கதிரையில் இருத்தும், காதைத் திறக்காது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எங்கள் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் 1871ஆம் ஆண்டினது. ஒருவருடைய காணியை இன்னொருவர் பத்து வருடம் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டால் அது ஆண்டு வந்தவருக்கே ஆகும் என்பது அதன் சாரம். யுத்தத்தில் இடம்பெயர்ந்து காணிப்பக்கம் போக முடியாமல் இருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசித்துப் பாரும். அதற்காகத்தான் 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் கொடுத்தார்கள். சட்டத்தை நான் வாசித்திருந்தேன். ஆனால் போக முடியாமல் இருந்ததை எப்படி நிரூபிப்பது? முகாம் பதிவு, நிவாரண அட்டை, கிராம அலுவலர் கடிதம், எதை எந்த ஒழுங்கில் வைப்பது? வன்னியில் தொழில் செய்யும் ஓர் இளம் சட்டத்தரணி இதையே ஒரு மாநாட்டின் கடைசி நாள் காலை விளக்கியிருக்கிறார். நான் அதற்கு முந்தின இரவே வந்துவிட்டேன். பிறகு எனக்கு அப்படி ஒரு வழக்கு வந்தபோது அவகாசம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இருபது நிமிடத்தில் சொன்னதைத் தேடிப்பிடிக்க எனக்கு மாதங்கள் எடுத்தன. அந்தக் கட்சிக்காரர் ஒவ்வொரு கிழமையும் பஸ் ஏறி வந்து என் வாசலில் காத்திருந்தார். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

முடிவு எடுக்கிற மாநாட்டில் கடைசி நாள் இல்லாமல் போவது இன்னும் மோசம். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் மாநாடு 1998 ஜூன் 15இல் தொடங்கி ஜூலை 17 வரை நடந்தது. ஏறக்குறைய ஐந்து கிழமை இழுபறி. முழு வரைவும் ஒன்றாகப் பிரதிநிதிகளின் கைக்கு வந்தது கடைசி நாள் விடியப்புறம்தான். அன்றிரவே வாக்கெடுப்பு: 120 நாடுகள் ஆதரவு, 7 எதிர்ப்பு, 21 நடுநிலை. எங்கள் மாநாடுகளிலும் தீர்மானங்கள் கடைசி மணித்தியாலத்திலேயே நிறைவேறுகின்றன. இருபது பேர் கை உயர்த்துகிறார்கள், மறுநாள் பத்திரிகை "சட்டத்தரணிகள் தீர்மானம்" என்று எழுதுகிறது. அது உம்முடைய பெயரிலும்தான்.

கடைசி நாளில் ஆள் குறைவதற்கு நேர்மாறாக ஒரு மாநாடு நடந்தது. நாலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு, பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில், 1974 ஜனவரி 3 முதல் 10 வரை யாழ்ப்பாணத்தில். கொழும்பிலா யாழ்ப்பாணத்திலா என்ற பெரிய பிணக்குக்குப் பிறகு நடந்தது. ஆய்வரங்குகள் 9ஆம் திகதியோடு முடிந்தன. 10ஆம் திகதியை ஊர்ச்சனத்துக்கு என்று வைத்திருந்தார்கள். ஆய்வரங்கில் இடமில்லாத சனம் அன்றைக்குத் திரண்டு வந்தது. வீரசிங்கம் மண்டபம் கொள்ளாமல் மேடையை வெளியே மாற்ற வேண்டியிருந்தது. அந்த இரவு பொலிஸார் கூட்டத்துக்குள் புகுந்தார்கள். கண்ணீர்ப்புகை, அறுந்து விழுந்த மின்கம்பி, நெரிசல். குறைந்தது 9 பேர் மாண்டார்கள். பிறகு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர்கள் ஓ. எல். டி கிரெட்சர், வி. மாணிக்கவாசகர், ஆயர் சபாபதி குலேந்திரன் மூவரும் அரசின் நியமனமின்றியே ஆணைக்குழுவாக அமர்ந்து விசாரித்தார்கள். பொலிஸாரின் தாக்குதல் தேவையற்றது என்று எழுதினார்கள். கடைசி வரை நின்றவர்கள் கண்டதைச் சொல்ல வந்ததால்தான் அந்தப் பதிவு எங்களிடம் இருக்கிறது. அந்த அறிக்கையைத் தேடி வாசியும். சாட்சியத்தை எப்படி எடைபோடுவது என்பதற்காகவும் வாசியும்.

அன்று அவ்வளவு சனம் வந்தது, அந்த நாள் அவர்களுக்கு என்று வைக்கப்பட்டிருந்ததால். நீரும் ஒருநாள் ஏற்பாட்டுக் குழுவில் இருப்பீர். பெரிய பேச்சாளரைக் கடைசிக் காலைக்குப் போடும். இளையவர்களுக்கு முதல்நாள் மேடையைக் கொடும். சான்றிதழை முடிவில் கொடும்.

அதுவரைக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வருடம் போகும்போது ஞாயிறு பின்னேர ரயிலுக்கு இடம் பதியும். திங்கள் காலை மாளிகாகந்தையில் உம்முடைய வழக்குகளுக்கு நான் நிற்கிறேன். கோவைகளை வெள்ளிக்கிழமையே என் மேசையில் வைத்துவிட்டுப் போம்.

அன்புடன்,
உம்முடைய சேர்