பெரிய இடுப்பறை அறுவையும் அதன் பிறகான தொழுகையும்



சென்ற மாதம் ஒரு சகோதரர் தம் மனைவிக்கு ஸ்டோமா பை வாங்க உதவி கேட்டு வந்தார். கர்ப்பப்பை வாய்ப் புற்று, கதிர்வீச்சுக்குப் பிறகும் திரும்பி, அறுவை செய்து எட்டு மாதமாகிறது. "உடம்பு தேறிட்டா பாய். ஆனா தொழமாட்டேங்கிறா. பையைக் கட்டிக்கிட்டு எப்படி நிக்கிறதுன்னு அழறா" என்றார்.

இந்த அறுவைக்கு பெல்விக் எக்ஸென்டரேஷன் என்று பெயர். கர்ப்பப்பையோடு, நோய் தொட்ட சிறுநீர்ப்பை, மலக்குடல், பிறப்புறுப்பின் பகுதி ஆகியவற்றையும் எடுத்துவிடுவார்கள். மலமும் சிறுநீரும் வயிற்றில் வைத்த திறப்புகள் வழியே பைகளில் சேரும். 1948-ல் நியூயார்க்கில் டாக்டர் பிரன்ஷ்விக் இதைப் பற்றி எழுதியபோது, 22 பேரில் 5 பேர் அறுவையினாலேயே இறந்திருந்தனர். இன்று தேர்ந்த மருத்துவமனைகளில் அது 100-க்கு 5-க்கும் குறைவு. ஆனாலும் பாதிப்பேருக்கு மேல் சீழ், குடலடைப்பு, சிறுநீரகத் தொல்லை என்று ஏதாவது வருகிறது.

ஐந்து ஆண்டு கடந்து வாழ்வோர் 100-க்கு ஏறத்தாழ 30 முதல் 60 பேர். இவ்வளவு வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம், வெட்டியெடுத்த சதையின் ஓரம். ஓரத்தில் புற்று இல்லையென்றால் நம்பிக்கை கூடும், இருந்தால் வெகுவாகக் குறையும். பரிசோதனை அறிக்கையில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் சில மாதங்கள் கடினம்தான். ஓராண்டுக்குள் பலர் வீட்டு வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். தாம்பத்தியம் பழையபடி ஆவது அரிது. கணவர்மார் இதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும், பின்னால் முகம் சுளிப்பது பெரும் அநியாயம்.

இனி தொழுகை. பையில் இறங்குவதை அவரால் அடக்க முடியாது. சிறுநீர் சொட்டு நிற்காதவருக்கு ஃபிக்ஹ் நூல்கள் சொல்லும் சட்டமே இவருக்கும். ஷாஃபிஈ மத்ஹபில், வக்து வந்தபின் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் புதிதாக உளூ செய்ய வேண்டும், அதே உளூவில் சுன்னத்துகளும் தொழலாம். ஹனஃபியில், ஒரு வக்துக்கு ஒரு உளூ போதும். முன்னதாகப் பையைக் காலி செய்து சுத்தம் செய்துகொள்ளட்டும். பையில் இறங்குவதால் நோன்பும் முறியாது. ஆனால் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் கெடும் என்பதால், மருத்துவரைக் கேட்டே நோன்பு வைக்க வேண்டும்.

என் வீட்டார் போய் இதையெல்லாம் சொன்னபோது அந்தச் சகோதரி கேட்டது ஒன்றுதான்: "விட்ட எட்டு மாசம்?" களா உண்டு. ஒவ்வொரு வக்தோடும் ஒன்றாக, நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தே தொழட்டும்.

பை வாங்க வசதியில்லாதோர் மருத்துவச் சீட்டுடன் அஸருக்குப் பின் அலுவலகம் வரலாம். பெண்களிடம் பெண்களே பேசுவார்கள்.