சராசரி மழையை நம்பலாமா?

வடகிழக்குப் பருவமழையில் தமிழகத்தின் சராசரி சுமார் 440 மி.மீ. ஆனால் 2015-ல் அதைப்போல் ஒன்றரை மடங்கு கொட்டி வெள்ளம் வந்தது. மறு ஆண்டு, 2016-ல், 168 மி.மீ.தான். இரண்டையும் கூட்டி வகுத்தால் சராசரியை ஒட்டியே வரும்! காய்ந்த பயிருக்கு அதனால் என்ன பயன்?

மானாவாரி உழவர்கள் தத்தம் ஊர் மழையைக் குறித்து வைத்தல் வேண்டும். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, செங்குத்தான டப்பாவை மரநிழல் படாத திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அடிக்கோலால் அளந்தால் போதும். 2.5 மி.மீ. பெய்தால்தான் மழை நாள் என்பது கணக்கு. மொத்த அளவைவிட, நடுவே எத்தனை நாள் காய்ந்தது என்பதே முக்கியம். பத்தாண்டுக் குறிப்பு சேர்ந்தால், மழை அடிக்கடி ஏமாற்றும் வாரம் புலப்படும். சோளம் பூக்கும் தருணம் அந்த வாரத்தில் விழாதபடி விதைக்கவும். அப்போது ஈரம் குறைந்தால் மணி பிடிக்காது.