பள்ளம் விழுமுன்

என் இடது கன்னத்தைத் தடவினால் ஏழெட்டுப் பள்ளங்கள் விரலில் தட்டுப்படும். பிளஸ் டூ படிக்கும்போது வந்த பருக்கள் விட்டுப்போனவை. முதலில் நெற்றியில் வெறும் கரும்புள்ளிகள்தான். ஆறு மாதத்தில் தாடையோரம் உள்ளுக்குள்ளேயே கட்டியாகத் திரண்டு, தலையணையில் கன்னம் பட்டாலே வலித்தது. "வயசுக் கோளாறு, தானா போயிடும்" என்றார்கள் வீட்டில். மூன்று வருடம் காத்திருந்தேன். பரு போய்விட்டது, பள்ளம் போகவில்லை.

இடையில் எலுமிச்சைச் சாறு, பற்பசை என்று எல்லாம் பூசிப் பார்த்தேன். கெடுதல் அதிகம் செய்தது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஒரு ட்யூப். நாலே நாளில் முகம் தெளிந்தது. நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகச் சிவந்து வெடித்தது. அதில் இருந்தது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. சீட்டில்லாமல் முகத்துக்கு எந்த க்ரீம் வாங்கினாலும், அட்டையில் அந்தப் பெயரோ க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

போன வருடம் என் அக்கா மகனுக்குப் பதினைந்து வயது. தாடையில் இரண்டு கட்டி. "மாமா, இத நசுக்கி எடுத்திரட்டா?" என்று கண்ணாடி முன் நின்றான். மறுநாளே தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். "இந்த வயசுல பருவுக்கெல்லாமா டாக்டர்?" என்று அக்கா தயங்கினாள். என் கன்னத்தைக் காட்டினேன். பிறகு அவள் பேசவில்லை.

டாக்டர் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. மயிர்க்கால் அடைபட்டு, அதன் சுவர் தோலுக்கடியில் உடையும்போது உண்டாகும் அழற்சிதான் தோலைத் தாங்கும் கொலாஜனை அரிக்கிறது. அது எத்தனை நாள் நீடிக்கிறதோ அந்த அளவுக்குப் பள்ளம் விழும் வாய்ப்பும் கூடுகிறது. நசுக்கினால் சீழ் உள்ளேயும் பரவும். வீட்டில் யாருக்காவது தழும்பு இருந்தால் இன்னும் சீக்கிரம் வர வேண்டும் என்றார்.

நம் நிறத்தில் பரு ஆறிய இடம் கறுத்துப்போகும். அதைத் தழும்பு என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நிழல் விழுந்தால் பள்ளம். நிழலில்லாமல் கறுப்பு மட்டும் என்றால் மாதக்கணக்கில் மங்கிவிடும். ஆனால் வெயிலில் சன்ஸ்க்ரீன் இல்லாமல் அலைந்தால் மங்க இன்னும் நாளாகும்.

அக்கா மகனுக்கு டாக்டர் கொடுத்தது இரவில் அடாபலீன் 0.1 சதவீத ஜெல், காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம். பெரும்பாலானவர்கள் தப்பு செய்வது இங்கேதான்: பரு இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைப்பதுபோல வைக்கிறார்கள். பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிசாகப் பூச வேண்டும், இனி வரப்போகும் பருவைத் தடுக்கத்தானே இது. முதல் மூன்று வாரம் தோல் உரிந்தது, எரிந்தது, பருவும் கொஞ்சம் கூடியது. நிறுத்திவிடுகிறேன் என்றான். ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்லி, மேலே மாய்ஸ்சரைசர் தடவ வைத்தோம். எட்டாவது வாரம்தான் வித்தியாசம் தெரிந்தது. பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும், வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கட்டிக்குள் டாக்டர் மிகக் குறைந்த அளவில் ஸ்டீராய்டு ஊசி போட்டார், சில நாளில் அமுங்கியது. என் முகத்தைக் கெடுத்த அதே வகை மருந்து, தெரிந்தவர் கையில் உதவியது. இதற்கும் அடங்காத கட்டிகளுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை இருக்கிறது. ரத்தப் பரிசோதனையோடு, டாக்டர் மேற்பார்வையில் மட்டும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது, கருவைப் பாதிக்கும்.

தலைக்கு வழிய எண்ணெய் வைத்து நெற்றியில் இறங்க விடுவதையும் நிறுத்தினோம்.

என் பள்ளங்களுக்கு இப்போது நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங் செய்துகொள்கிறேன். நாலு தடவை ஆயிற்று. கொஞ்சம் மேடேறியிருக்கிறது, முழுதாக நிரம்பாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். மருமகன் முகத்தில் மங்கிவரும் கறுப்பு மட்டும்தான். போன வாரம் அக்காவே போன் செய்தாள். சின்னவளுக்குப் பன்னிரண்டு வயது, மூக்கோரம் வெண்புள்ளிகள் வந்திருக்கின்றனவாம். "சனிக்கிழமை டாக்டர் இருப்பாராடா?" என்று கேட்டாள்.