பெட்டி செய்யவும் லைசென்ஸா?

கேள்வி: அமெரிக்காவில் இறுதிச்சடங்குத் தொழில் நடத்த மாநில அரசுக்குப் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டுமாமே? சாவிலுமா வசூல்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கட்டணத்தை விடுங்கள், கூடவே வரும் நிபந்தனைகள்தான் கழுத்தைப் பிடிக்கும். லூசியானாவில் செயின்ட் ஜோசப் மடத்துத் துறவிகள் 2007-ல் சவப்பெட்டி விற்கக் கிளம்பினார்கள். வெறும் மரப்பெட்டி. அதற்கே 30 பேர் உட்காரும் கூடம், ஆறு பெட்டி வைக்கும் காட்சியறை, உடலைப் பதப்படுத்தும் வசதி, முழுநேர லைசென்ஸ்தாரர் எல்லாம் வேண்டும் என்றது மாநிலச் சட்டம். அமல்படுத்திய வாரியத்தில் ஒருவர் தவிர அத்தனை பேரும் அதே தொழில்காரர்கள்! துறவிகள் கோர்ட்டுக்குப் போய் 2013-ல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள்.

அதற்காகக் கட்டுப்பாடே வேண்டாம் என்பீர்களா? கொலராடோவில் இத்தொழில் செய்பவருக்கு லைசென்ஸ் தேவைப்படாமல் இருந்தது. 2023-ல் அங்கே ஒரு கட்டடத்தில் சுமார் 190 உடல்கள் அழுகிக் கிடந்தன. அதன் பிறகே, 2024-ல் சட்டம் வந்தது. உடலைக் கையாள்பவருக்கு லைசென்ஸ் அவசியம், தச்சருக்கு எதற்கு?

அங்கே உங்கள் சொந்தக்காரர்கள் இருந்தால் சொல்லிவையுங்கள்: வெளியில் வாங்கிய பெட்டியை மறுக்கவோ, அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவோ கூடாது என்பது மத்திய அரசின் விதி.